கலியாணப் பந்தியில் வட்டிலப்பம்

எங்கள் வீட்டுக் கலியாணப் பந்தியில் தொதலும் வட்டிலப்பமும் வைக்க ஆசை. "அது நம்மட சாப்பாடு இல்லை" என்று பெரியப்பா மறுக்கிறார். என்ன செய்யலாம்? – வாசகி, கிரான்

தாராளமாக வையுங்கள், தங்கச்சி. இரண்டும் மலாய்க்காரர் வழி வந்து, முஸ்லிம் வீடுகளில் பக்குவப்பட்டவை. பெரியப்பா சொல்வதில் அவ்வளவு உண்மை உண்டு. ஆனால் அந்தக் கணக்கை முழுதாகப் பார்த்தால் பந்தியில் பாதி இலை காலியாகிவிடும். நண்டுக் கறிக்கு நிறமும் உறைப்பும் தரும் செத்தல் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர், போர்த்துக்கேயர் கொண்டுவந்தது. மரவள்ளியும் பப்பாளியும் கச்சானும்கூட அந்தக் கண்டத்தவைதான். மிளகாயை நம்முடையது என்று ஏற்ற கை, பக்கத்து ஊர் வட்டிலப்பத்தை ஏன் தள்ள வேண்டும்? தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று நம் பக்கத்தில் சொல்வது வெறும் பேச்சில்லையே!

அப்படியானால் நமக்கென்று ஒன்றும் மிஞ்சாதா என்று பெரியப்பா கேட்கலாம். நிறையவே மிஞ்சும். வாவி இறால் இருக்கிறது, வயல் நெல் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக எருமைத் தயிர் இருக்கிறது. காய்ச்சிய பாலை இளஞ்சூட்டில் உறைகுத்தி மண்சட்டியில் ஊற்றினால், சட்டி ஈரத்தை உறிஞ்சி, கரண்டியால் வெட்டி எடுக்கும் அளவுக்கு இறுகும். அதைச் சட்டியோடு பந்தியின் நடுவில் வையுங்கள். பெரியப்பாவின் மனம் ஆறும். வட்டிலப்பத்தில் முட்டை சேரும் என்பதால், மரக்கறி மட்டும் உண்பவர்களிடம் பரிமாறும் முன்பே சொல்லிவிடுங்கள்.