சடைக்கு ஒரு லட்சம் முடி வேண்டாம்

படவேடு, ஆரணி பக்கம் தறிச் சத்தத்தில் வளர்ந்து, வீடியோ கேம் பாத்திரங்களுக்குச் சொந்தமாகக் கூந்தல் செய்து பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்காக இந்த வாரப் பத்தி. தொடங்கும் முன்பே அவர்களைத் திருப்பி அனுப்பிவிடும் சில நம்பிக்கைகள் உலவுகின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

நம்பிக்கை: ஒவ்வொரு முடியையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

மனிதத் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. 2012-இல் வந்த பிக்ஸாரின் ‘பிரேவ்’ படத்தில் மெரிடாவின் சுருட்டை முடிக்காக 1,500-க்கும் மேற்பட்ட சுருள்களை வடித்து, அவற்றிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான இழைகளைக் கணினியில் உண்டாக்கினார்கள். இதைக் கேட்டதும் மலைப்பு வருவது இயல்புதான். ஆனால் அது சினிமா. ஒரு பிரேமை உருவாக்க அங்கே கணினி மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். கேமில் நொடிக்கு 60 பிரேம் ஓட வேண்டும் என்றால், ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 17 மில்லிநொடிகூட இல்லை.

அதனால் கேம் கலைஞர்கள் ஹேர் கார்டு என்ற முறையைக் கையாள்கிறார்கள். மெல்லிய தட்டையான பட்டை ஒன்று. அதன்மேல் பத்து இருபது முடிகளின் படம். முடிகளுக்கு இடையில் உள்ள இடம் கண்ணாடிபோல் ஒளி புகும். இப்படிப்பட்ட பட்டைகளை மண்டையோடு ஒட்டி, அடுக்கடுக்காகச் சாய்த்து வைத்தால் கூந்தல். அடியில் மண்டை தெரியாமல் மூடும் அடர்த்தியான அடுக்கு, அதன்மேல் வடிவம் தரும் அடுக்கு, கடைசியாகக் காதோரமும் நெற்றியிலும் பிரிந்து நிற்கும் சில இழைகள். கேமில் உருவங்கள் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனவை. சில ஆயிரம் முக்கோணங்களில் ஒரு நல்ல தலை முடிந்துவிடும். ரோப்லாக்ஸில் தலைமுடி உட்பட ஒரு அணிகலனுக்கு உச்ச வரம்பே 4,000 முக்கோணங்கள்தான்.

பெரிய நிறுவனங்களும் கூந்தலோடு மல்லுக்கட்டியவைதான். 1981-இல் மரியோவுக்குத் தொப்பி வைத்ததற்கு ஒரு காரணம், அந்தச் சின்னஞ்சிறு உருவத்தில் முடி வரைய முடியாமல் போனது. 1996-இல் வந்த முதல் ‘டூம் ரைடர்’ ஆட்டத்தில் நாயகி லாரா கிராஃப்டின் சடையை அசைய வைக்க முடியாமல் விளையாடும் பகுதியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு இரண்டாம் பாகத்தில்தான் அது அவள் முதுகில் ஆடியது. 2013-இல் அதே லாராவுக்கு ஏஎம்டி-யின் டிரெஸ்எஃப்எக்ஸ் நுட்பத்தால் இழை இழையாக முடி வைத்தபோது பல கணினிகள் திணறின. இவ்வளவு பேர் தடுமாறிய இடத்தில், முதல் முயற்சி கோணலாக வந்தால் வருந்த எதுவும் இல்லை.

நம்பிக்கை: விலையுயர்ந்த கணினியும் மென்பொருளும் இல்லாமல் முடியாது.

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் முழுக்க இலவசம். 2002-இல் அதன் பயனர்கள் ஏழு வாரங்களில் ஒரு லட்சம் யூரோ திரட்டி, அந்த மென்பொருளை எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். புதிய பதிப்புகளுக்கு 8 ஜிபி ராமாவது வேண்டும். பழைய கணினி என்றால் பழைய பதிப்பை இறக்கிக்கொள்ளலாம், ஹேர் கார்டு வேலைக்கு அதுவே போதும். ‘தி சிம்ஸ் 4’ அடிப்படை ஆட்டம் 2022 அக்டோபர் முதல் இலவசம். செய்த கூந்தலை அதற்குள் கொண்டுபோக உதவும் சிம்ஸ் 4 ஸ்டுடியோவுக்கும் காசு கிடையாது.

நம்பிக்கை: ஓவியம் வரையத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே இது வரும்.

படவேட்டுப் பிள்ளைகளோடு நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான். புதிதாகத் தொடங்குகிறவரின் கூந்தல் பிளாஸ்டிக்போலத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் மினுமினுப்பு தப்பான இடத்தில் விழுவது. பந்தின்மேல் வெளிச்சம் ஒரு புள்ளியாக விழும். முடியில் அப்படி விழாது. இழைகள் ஒரே திசையில் ஓடுவதால் மினுமினுப்பு அவற்றுக்குக் குறுக்கே ஒரு வளையமாகப் படரும். தலை திரும்பினால் வளையமும் நகரும். கஜியா, கே என்ற இருவர் 1989-இல் இதைக் கணக்காக எழுதிவைத்தார்கள். 2003-இல் மார்ஷ்னரும் உடன் உழைத்தவர்களும் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: முடியின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி வெண்மையாகவும், உள்ளே புகுந்து வெளியேறும் ஒளி முடியின் நிறம் ஏறி, சற்றுத் தள்ளியும் தெரியும்.

பட்டுக்கும் இதே இயற்பியல்தான். மயில் கழுத்துச் சேலையை ஒரு பக்கம் சாய்த்தால் பாவின் நிறம், மறுபக்கம் சாய்த்தால் ஊடையின் நிறம் தூக்கலாகத் தெரியும் என்பது நெசவு வீட்டுப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இழை எந்தத் திசையில் ஓடுகிறதோ அதைப் பொறுத்தே ஒளி என்பது அந்தக் கண்ணுக்கு ஏற்கெனவே தெரியும். நகரத்தில் பணம் கட்டிப் படிக்கிற மாணவர் வகுப்பில் கற்றுக்கொள்வதை இவர்கள் சேலை மடிக்கும்போதே பார்த்திருக்கிறார்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

பார்த்துப் பழக ஆடி வெள்ளியன்று படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போங்கள். எண்ணெய் வைத்து வாரிய தலை, தலைக்குக் குளித்துவிட்டு நுனியில் முடிச்சிட்ட ஈரத் தலை, கொண்டை, இறுக்கமான பின்னல், மொட்டை போட்டு இரண்டு மாதம் ஆன குழந்தைத் தலை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். யாரையும் படம் எடுக்க வேண்டாம். பார்த்துவிட்டு வந்து, வகிடு எங்கே தொடங்கியது, முடி எந்தப் பக்கம் சரிந்தது என்று நினைவிலிருந்து கோடு போடுங்கள்.

நம்பிக்கை: வடிவம் வந்துவிட்டால் வேலை முடிந்தது.

பாதிதான் முடிந்திருக்கும். பாத்திரம் திரும்பும்போது சடை தோளுக்குள் புதையாமல் இருக்க, எந்தப் பகுதி பாத்திரத்தின் எந்த எலும்போடு அசைய வேண்டும் என்று வண்ணம் பூசிக் குறிக்கும் வெயிட் பெயிண்ட் வேலையைச் செய்ய வேண்டும். சிம்ஸ் 4-இல் தூரத்துக்கு ஏற்ப ஒரே கூந்தலுக்கு நான்கு பதிப்புகள் தேவை. தொப்பி போட்டால் முடி எங்கே வெட்டுப்பட வேண்டும் என்பதையும் நீங்களே குறிக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் விட முடியாது.

நம்பிக்கை: இன்னொருவர் செய்த மெஷ்ஷை (முக்கோணங்களால் ஆன வடிவத்தை) எடுத்துக் கொஞ்சம் மாற்றினால் நம்முடையது.

அனுமதி இல்லாமல் செய்தால் அது திருட்டு. கற்பதற்காகத் திறந்து பாருங்கள், வெளியிடாதீர்கள். சிம்ஸுக்குச் செய்ததை விற்கலாமா என்றால், காசு கொடுத்தவர்களுக்கு மட்டும் என்று நிரந்தரமாகப் பூட்டிவைப்பதை அதன் நிறுவனமான இஏ-யின் மோட் கொள்கை அனுமதிப்பதில்லை. ஆதரவாளர்களுக்குச் சில காலம் முன்னதாகத் தரலாம், பிறகு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

நம்பிக்கை: நம் ஊர்த் தலைக்கு அங்கே இடம் இல்லை.

டொராண்டோவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய ‘வெண்பா’ என்ற கேம் 2023-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு பாஃப்டா விருது வாங்கியது. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முடி கேம்களில் சரியாக வருவதில்லை என்று குறை சொல்வதோடு நிற்காமல், ஏ. எம். டார்க் என்ற கலைஞர் அதற்கென்றே முப்பரிமாண முடி மாதிரிகளின் இலவச நூலகம் ஒன்றைத் தொடங்கினார். அங்கிருந்து 2023-இல் ‘கோட் மை கிரௌன்’ என்ற இலவச வழிகாட்டியும் வந்தது. பின்னலும் சுருளும் செய்யப் பழக நமக்கும் அது உதவும். மடித்து ரிப்பன் கட்டிய ரெட்டைச் சடையை இதே அக்கறையோடு செய்து வெளியிட ஆள் வேண்டும்.

முதலில் தோள்வரை நிற்கும் நேரான முடி ஒன்றைச் செய்து முடியுங்கள். அடுத்து மூன்று கால் பின்னல்: ஒரு கண்ணியை மட்டும் செய்து, வளைகோட்டின்மேல் பிளெண்டரின் அரே, கர்வ் மாடிஃபயர்களால் திரும்பத் திரும்ப அமைத்து, கீழே போகப் போக மெலிய விடுங்கள். சுத்தக் கறுப்பு நிறம் வைக்காதீர்கள், மினுமினுப்பு உட்கார இடம் இருக்காது, கரும்பழுப்பு வையுங்கள். எண்ணெய் வைத்த தலைக்கு ஒளி வளையத்தை ஒடுக்கமாக்கி, பிரிந்து நிற்கும் இழைகளைக் குறைத்துவிடுங்கள். மல்லிகைச் சரத்தைக் கூந்தலோடு ஒட்டாமல் தனி அணிகலனாகச் செய்தால், விளையாடுகிறவர் வேண்டும்போது வைத்துக்கொள்வார்.