சரிவில் ஏறுமா ரோபோ?

கேள்வி: நியூஜெர்சியில் வாட்சங் மலைப்பக்கம் எங்கள் வீடு. ஒரு ஏக்கர், பின்புறம் நல்ல சரிவு. கம்பி புதைக்காமல் ஓடும் ரோபோ புல்வெட்டி வாங்கலாமா?

பதில்: முதலில் சரிவை அளந்துவிடுங்கள். விளம்பரத்தில் போடுவது சதவீதம், போன் காட்டுவது டிகிரி. 45 சதவீதம் என்பது சுமார் 24 டிகிரிதான்! நான்கு சக்கரமும் இழுக்கும் மம்மோஷன் லூபா 2, 80 சதவீதம் வரை ஏறும் என்கிறது அந்த நிறுவனம். ஈரப் புல்லில் அதை நம்பி விடமாட்டேன்.

உங்கள் ஊரில் சரிவைவிட மரங்கள்தான் பெரிய தொல்லை. கம்பியில்லா வண்டிகளில் பல, செயற்கைக்கோளைப் பார்த்து ஓடுபவை. முற்றத்தில் நடும் ஆன்டெனா பிழையைத் திருத்துவதால் சில சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கிறது. ஆனால் ஆன்டெனாவுக்கும் வண்டிக்கும் திறந்த வானம் வேண்டும். ஓக் மரங்கள் தழைத்து நின்றால் கேமராவோ லைடாரோ சேர்ந்த ரகமாகப் பாருங்கள்.

கம்பியில்லாக் கனவு புதிதல்ல. ரூம்பா புகழ் ஐரோபாட், தோட்டத்தில் ரேடியோ முளைகளை நட்டுப் புல்வெட்டிக்கு வழிகாட்டத் திட்டமிட்டது. வானொலி வானியலாளர்கள் எதிர்த்தும் 2015இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் அனுமதித்தது. 2019இல் அந்தப் புல்வெட்டியை ‘டெர்ரா’ என்ற பெயரில் அறிவித்தார்கள், 2020இல் நிறுத்திவைத்துவிட்டார்கள்.

மிகச் செங்குத்தான துண்டை ஆப்பில் தடைப்பகுதியாகக் குறித்துவிட்டு, அங்கே புல்லுக்குப் பதில் தரைபடரும் செடி வையுங்கள். குழந்தைகள் விளையாடும் நேரத்தில் மட்டும் வண்டியை ஓடவிடாதீர்கள்.