பால் பத்தாத நாட்களில் பாலாடை

பிரசவமான முதல் இரண்டு மூன்று நாட்கள் தாய்க்குச் சுரப்பது சீம்பால்தான். அளவு குறைவாக இருக்கும். முதல் நாளில் பச்சிளங்குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வதும் 5 முதல் 7 மி.லி. தான். சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் இறங்குவது இன்னும் சற்றுப் பிந்தும். திண்டிவனம் மருத்துவமனையிலோ முண்டியம்பாக்கம் மருத்துவமனையிலோ பிரசவம் முடிந்து பிரம்மதேசம் கிராமத்துத் தாய்வீட்டுக்கு வரும் பெண்ணின் காதில் இதற்குள் "பால் பத்தல, புள்ள அழுவுது" என்ற பேச்சு விழுந்துவிடுகிறது. குழந்தை அழுவதை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டக் கூடாது.

பால் போதுமா என்பதைச் சொல்வது மூத்திரமும் எடையும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது குழந்தை மூத்திரம் போக வேண்டும். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போட்டு வைத்தால் போதும். கிராம சுகாதார செவிலியர் வரும்போது அந்தத் தாளையே காட்டலாம். பிறந்த எடையில் கொஞ்சம் குறைவது இயல்பு. பத்து சதவீதத்தை நெருங்கினாலோ, இரண்டு வாரத்தில் பழைய எடைக்கு வராவிட்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

பால் இருந்தும் குழந்தைக்குப் போய்ச் சேராமல் இருப்பதுதான் அதிகம். குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் காம்பு வெடிக்கும், வலி உயிர் போகும், பாலும் வராது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும். கீழுதடு வெளியே மடிந்து, தாடை மார்பில் பட வேண்டும். தையல் வலிக்கிறவர்கள் ஒருக்களித்துப் படுத்தோ, குழந்தையைக் கக்கத்தில் இடுக்குவது போல வைத்தோ கொடுக்கலாம். காம்பு உள்வாங்கியிருந்தால் 10 மி.லி. சிரிஞ்சில் ஊசி பொருத்தும் முனையை வெட்டி, தண்டை வெட்டிய பக்கத்திலிருந்து செலுத்தி, வழவழப்பான மறுமுனையைக் காம்பின் மேல் வைத்து மெதுவாக இழுப்பார்கள். கர்நாடகத்தின் தாவணகெரே மருத்துவர்கள் 1993இல் எழுதிய முறை இது. முதல் தடவை செவிலியர் கையால் செய்து காட்டுவதே நல்லது.

மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை, ராத்திரியிலும் கொடுக்க வேண்டும். பூண்டும் பால்சுறாப் புட்டும் தாயின் உடம்புக்குத் தெம்பு தரும். காலியாகாத மார்பில் அவை மட்டும் பாலை ஊறவைத்துவிடாது. குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று தாய்க்குத் தண்ணீரை அடக்கும் பத்தியம் கூடவே கூடாது. பால் கட்டிக்கொண்டால் வெந்நீர்த் துணியால் ஒத்தி, கையால் பீய்ச்சிவிட வேண்டும். அப்போது மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது தவறு, அது பாலை வற்றவைக்கும் வைத்தியம்.

இத்தனைக்குப் பிறகும் எடை ஏறவில்லை, குழந்தை சோர்ந்து தூங்குகிறது, மூத்திரம் குறைகிறது என்றால் மேல்பால் தேவைதான். முதலில் தாயிடமே பீய்ச்சிய பால். அதுவும் போதாதபோது மருத்துவர் சொல்லும் பவுடர் பால். தாய்ப்பால் வங்கி மும்பை சயான் மருத்துவமனையில் 1989இலேயே வந்துவிட்டது, தமிழகத்திலும் சில அரசு மருத்துவமனைகளில் உண்டு. ஆனால் அந்தப் பால் முதலில் போவது குறைமாதக் குழந்தைகளுக்கு. பவுடர் பாலுக்கு விளம்பரம் செய்வதையும் இலவச மாதிரி கொடுப்பதையும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எவரும் நீட்டும் டப்பாவை நம்பி வாங்க வேண்டியதில்லை.

பவுடர் பாலில் பெரிய ஆபத்து, டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று நீர்க்கக் கரைப்பது. வயிறு நிரம்பும், எடை ஏறாது. டப்பாவில் எழுதிய அளவுக்குத் தண்ணீரை முதலில் ஊற்றி, அதிலுள்ள கரண்டியால் தலைதட்டி அளந்து பவுடரைப் போட வேண்டும். பவுடரிலும் கிருமி இருக்கலாம் என்பதால், கொதித்து இறக்கிய தண்ணீர் சூடாக இருக்கும்போதே கரைத்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. மரக்காணம் பக்கம் போலக் கடல் அருகே உள்ள ஊர்களில் உவர்நீரைத் தவிர்த்து நல்ல குடிநீரையே எடுக்க வேண்டும். குடித்து மிஞ்சியதை எடுத்துவைக்கக் கூடாது.

புட்டி வேண்டாம், மூக்குள்ள சிறு கிண்ணமான பாலாடை போதும். முதலில் இரண்டு மார்பிலும் கொடுத்துவிட்டு, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, கொதிநீரில் போட்டெடுத்த பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்துச் சில சொட்டு சாய்த்து, விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தொண்டையில் ஊற்றினால் புரையேறும். மேல்பால் கொடுத்த ஒவ்வொரு முறையும் தாய் பாலைப் பீய்ச்சிவிட்டால் சுரப்பு குறையாது. எடை ஏற ஏற, மருத்துவர் சொல்படி மேல்பாலைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

சிலருக்கு எல்லாம் செய்தும் முழுப்பால் வராது. தைராய்டு கோளாறு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, மார்பில் முன்பு நடந்த அறுவை சிகிச்சை என்று காரணங்கள் உண்டு. அதில் தாயின் குற்றம் ஒன்றுமில்லை. வருகிற பாலைக் கொடுத்து, மீதிக்கு மேல்பால் கொடுத்து வளர்க்கலாம். "பால் இருக்கா?" என்று கேட்க வருகிறவர்கள் ராத்திரி ஒருவேளை குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, தாயை இரண்டு மணி நேரம் தூங்கவிடுங்கள்.