டிவிடியில் ஒலிப் பிசகும் அதன் திருத்தமும்

2005 ஜூலை 28ஆம் நாள் அப்போதைய குடியரசுத் தலைவர் டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் 'விக்டர்ஸ்' என்னும் கல்வி வலையமைப்பைத் திருவனந்தபுரத்தில் தொடங்கி வைத்தார்கள். அக்காலத்தில் பாடங்களைப் படமாக்குவது பெரும்பாலும் ஒளிப்பதிவு நிலையங்களின் பணியாக இருந்தது. இன்றோ ஆசிரியர் தம் கைப்பேசியிலேயே பாடத்தைப் பதிவு செய்து, இணைய வசதி குன்றிய இடங்களுக்கு அதனை டிவிடியாக்கி அளிக்க இயலும். அவ்வாறு செய்யுங்கால் அடிக்கடி நேரும் குறை ஒன்றுண்டு. ஆசிரியரின் உதடு ஒரு சொல்லைக் கூற, செவியில் வேறு சொல் விழுகிறது. செவித்திறன் குறைந்த மாணவன் உதட்டசைவையும் ஒலியையும் இணைத்தே பொருள் கொள்பவன் ஆதலால், அவனுக்கு அப்பாடம் பயனற்றதாகிவிடும்.

பழைய திரைப்படச் சுருளில் படமும் ஒலியும் ஒரே நாடாவில் பதிந்திருந்தன. ஒன்றை விட்டு ஒன்று விலக வழியில்லை. வீடியோக் கோப்பில் அவை இரண்டு தனி ஓடைகள். ஒவ்வொன்றும் தனக்குரிய காலக் கணக்கின்படி செல்கிறது. கணக்கு பிழைபட்டால் அவை பிரிகின்றன.

நம் நாட்டு டிவிடிகளில் வழங்கும் 'பால்' முறையில் வினாடிக்கு 25 படச்சட்டங்கள் உண்டு; ஒரு சட்டத்தின் நேரம் 40 மில்லி வினாடி. ஒலி முந்தினால் சுமார் 45 மில்லி வினாடியிலேயே புலப்படும். பிந்தினால் சுமார் 125 மில்லி வினாடி வரை புலப்படுவதில்லை என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணிப்பு. தொலைவில் துணி துவைப்பவரின் கை முதலில் தெரிகிறது. ஓசை பின்னர் வருகிறது. இயற்கையில் பழகிய இவ்வரிசை தலைகீழானால் மனம் உடனே உணர்கிறது.

திருத்துமுன் பிசகின் வகையை அறிதல் வேண்டும். பதிவின் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் கேமராவின் முன் கை தட்டுக. கைகள் சேரும் சட்டத்தையும் ஓசை எழும் இடத்தையும் ஒப்பிட்டு நோக்குக. இரு இடத்திலும் வேறுபாடு ஒன்றேயானால் அது நிலையான பிசகு. ஒலியை அந்த அளவு முன்னோ பின்னோ நகர்த்தினால் போதும். தொடக்கத்தில் பொருந்தி முடிவில் விலகினால் அது வளரும் பிசகு. இதனை நகர்த்தித் தீர்க்க இயலாது.

வளரும் பிசகைக் கணக்கிட்டே காரணம் காண வேண்டும். 40 நிமிடப் பாடத்தின் இறுதியில் ஒலி 2.4 வினாடி பிந்துவதாகக் கொள்வோம். 2,400 வினாடிக்கு 2.4 என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. வினாடிக்கு 29.97 சட்டமுள்ள படத்தை 30 எனக் கொண்டு ஓட்டினால் இதே அளவு பிசகு வரும். எனவே ஒலியைச் சுருக்காமல், படத்தின் வேகக் கணக்கைத் திருத்துவதே முறை.

வேறு காரணங்களும் உள. கைப்பேசி மங்கிய வெளிச்சத்தில் சட்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதுண்டு; ஆதலால் கோப்பை முதலில் சீரான 25 சட்ட வேகத்திற்கு மாற்றிக்கொள்க. 24 சட்டத் திரைப்படத்தை 25இல் ஓட்டினால் ஒரு மணி நேரப் படம் 57 நிமிடம் 36 வினாடியில் முடியும். ஒலியையும் அவ்வேகத்திற்கே மாற்றுதல் வேண்டும். குறுந்தகட்டு ஒலியில் வினாடிக்கு 44,100 மாதிரிகள். டிவிடி வீடியோவில் வழக்கமாக 48,000. முறைப்படி மாற்றாமல் எண்ணை மட்டும் மாற்றி எழுதினால் ஒலி விரைந்தோடும், குரலும் கீச்சென்றாகும்.

இறுதியாக, முதற்படியை அழித்தெழுதும் தகட்டில் பதித்து, டிவிடி கருவியில் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்றிடங்களிலும் சோதிக்கவும். சில தொலைக்காட்சிப் பெட்டிகள் படத்தைச் சீர்செய்யச் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். ஒலி தனி ஒலிபெருக்கி வழியே வந்தால் முந்திவிடும். ஆகவே வேறொரு பெட்டியிலும் பார்த்த பின்னரே தகட்டின் மீது குறை காணல் நன்று. பிழையான ஒரு தகடு படியெடுக்கப்பட்டால் அப்பிழை எல்லா வகுப்புகளுக்கும் சென்று சேரும். கை தட்டிச் சோதிக்கவோ இரண்டு நிமிடமே போதும்.