கார்வாலிஸில் கண்ட தோல்வி

வெற்றியைக் கொண்டாடுதற்கு எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. தோல்வியை ஆராய்வதற்கோ பயிற்சி வேண்டும். பந்தயத்தில் தோற்றுத் திரும்பும் கட்சியார், 'காலம் நமக்கு அனுகூலமாயில்லை' என்பர்; அன்றேல், 'யானைக்கும் அடி சறுக்கும்' என்னும் பழமொழியால் தேறுதல் அடைவர். பழமொழி உண்மையே. ஆயினும் அது ஆறுதல் அளிக்குமேயன்றி, அடி சறுக்கிய இடம் யாது, காரணம் யாது என்பவற்றைத் தெரிவிப்பதில்லை. ஆகலின், அமெரிக்கக் கலாசாலைப் பந்தாட்டத்தில் பெயர்பெற்ற தோல்வி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் காரணங்களையும் விளைவுகளையும் ஈண்டு ஆராய்வோம். அது 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 25-ஆம் தேதி வியாழக்கிழமை இரவு, ஆரிகன் மாகாணத்துக் கார்வாலிஸ் நகரில் நிகழ்ந்தது.

ஆட்டத்தின் இயல்பு

அமெரிக்கர் 'புட்பால்' என்று வழங்கும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்தாட்டமன்று. அதன் பந்து முட்டை வடிவினது. பெரும்பாலும் கையிலேந்தி ஓடப்படுவது, அல்லது கையால் எறியப்படுவது. கட்சிக்குப் பதினொருவர் ஆடுவர். எல்லைக்கோடுகளுக்கு இடையே நூறு கஜம். பந்தை உடைய கட்சியார் நான்கு முயற்சிக்குள் பத்துக் கஜமேனும் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரிகளுடையதாகும். எதிரியின் எல்லைக்கோட்டைப் பந்துடன் கடந்தால் ஆறு புள்ளிகள். அதன்பின் கம்பங்களிடையே பந்தை உதைத்து மேலும் ஒரு புள்ளி பெறலாம். இவ்வளவு தெரிந்தால் பின்வருவதை அறிதல் எளிது.

இரு கட்சியார்

தோற்றவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துச் சதர்ன் காலிபோர்னியா சர்வகலாசாலையார். பீட் கேரல் என்னும் பயிற்சியாசிரியரின் கீழ், 2003-லும் 2004-லும் பத்திரிகையாளர் கணிப்பில் தேசத்தின் முதற்கட்சி என்னும் புகழை அடைந்தவர்கள். 2008-ஆம் ஆண்டின் முதல் ஆட்டத்தில் வர்ஜீனியாவை 52–7 என்று வென்றனர். செப்டம்பர் 13-ஆம் தேதி, பெயர்பெற்ற ஒஹையோ ஸ்டேட் கட்சியைத் தம் சொந்த அரங்கில், தொண்ணூறாயிரம் பேருக்கு மேற்பட்டோர் கண்டுகளிக்க, 35–3 என்று முறியடித்தனர். அப்போது தேசத்தின் முதலிடம் அவர்களுடையதாயிருந்தது.

வென்றவர் ஆரிகன் ஸ்டேட் சர்வகலாசாலையார். அவர்களது கார்வாலிஸ் அக்காலத்தில் சுமார் ஐம்பதினாயிரம் மக்கள் வாழ்ந்த சிற்றூர். அவ்வூரார் அனைவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் அரங்கிற்குச் சென்று அமர்ந்தாலும் இடம் மிஞ்சும்! அவ்வாண்டு அவர்கள் அதுவரை ஆடியவை மூன்று ஆட்டங்கள். ஸ்டான்போர்டிடம் 36–28 என்றும், பென் ஸ்டேட்டிடம் 45–14 என்றும் தோற்று, ஹவாயியை மட்டும் வென்றிருந்தனர். எனவே, முடிவைப்பற்றி ஐயுற்றோர் மிகச் சிலரே.

நிகழ்ந்தது

ஆட்டத்தின் முற்பாதி முடிந்தபோது ஆரிகன் ஸ்டேட் 21. சதர்ன் காலிபோர்னியா பூஜ்யம். முதலிரண்டு ஆட்டங்களிலும் சேர்ந்து பத்துப் புள்ளிகளே விட்டுக்கொடுத்த காவற்படை, ஒரே அரையாட்டத்தில் அதன் இருமடங்கிற்கும் மேலாக விட்டுக்கொடுத்தது.

இதனைச் செய்தவருள் முதலில் குறிக்கத்தக்கவர் ஜாக்விஸ் ராட்ஜர்ஸ் என்பவர். முதலாண்டு மாணாக்கர், உயரம் ஐந்தடி ஏழங்குலத்திற்கு மேற்படாது. ஓங்கி நிற்கும் தம் முன்னணி வீரரின் பின்னே மறைந்து, இடைவெளி கண்டவிடத்துப் புகுந்து வெளிப்பட்டார். அன்றிரவு அவர் பந்தேந்தி ஓடியது 37 முறை. கடந்தது 186 கஜம். சராசரி ஐந்து கஜம். ஐந்து கஜம் என்பது கண்ணைக் கவரும் சாகசமன்று. ஆனால் நான்கு முயற்சிக்குப் பத்துக் கஜம் என்னும் விதியை நினைவுகூர்க. ஒவ்வொரு முறையும் ஐந்து கஜம் செல்பவனுக்கு இரண்டு முயற்சிகளே போதும். பந்தும் அவனிடமே தங்கும், கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும், எதிர்க்கட்சியின் புகழ்பெற்ற தாக்குவோரோ வெளியே அமர்ந்து பார்த்திருக்க வேண்டியதே. 'மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது' என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? அவருடைய தமையனார் ஜேம்ஸ் ராட்ஜர்ஸும் அதே கட்சியில் ஆடி, எறிந்த பந்தைப் பிடித்து இருமுறை எல்லை கடந்தார்.

பிற்பாதியில் சதர்ன் காலிபோர்னியர் விழித்துக்கொண்டனர். 21–14 என நெருங்கினர். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருந்தபோது, மார்க் சான்செஸ் எறிந்த பந்தை எதிரி ஒருவர் இடைமறித்துப் பற்றி எல்லையருகே கொண்டு சென்றார். ராட்ஜர்ஸ் அதனை எல்லை கடத்தினார். அதன்பின் சதர்ன் காலிபோர்னியர் மேலும் ஒருமுறை எல்லை கடந்தும், 27–21 என்று தோல்வியே எய்தினர்.

காரணங்கள்

ஆடுவோரின் மனத்துள் நிகழ்ந்ததை நாம் கண்டறிய இயலாது. ஆயினும் புறத்தே தெரியும் குறிகளைக் கொண்டு மூன்று காரணங்களை ஊகிக்கலாம்.

முதலாவது, முந்திய வெற்றியின் நிழல். ஒஹையோ ஸ்டேட்டை வென்றதற்கும் கார்வாலிஸில் ஆடியதற்கும் இடையே பன்னிரண்டு நாட்கள் ஆட்டமின்றிக் கழிந்தன. புகழுரை காதில் நிறைவதற்கு அது போதிய காலமே. பெரிய எதிரியை வென்றவனுக்குச் சிறிய எதிரி மேலும் சிறியவனாகத் தோன்றுதல் இயல்பு. பிற்பாதியில் காணப்பட்ட ஆற்றல் முற்பாதியிலும் அவ்வீரர்களிடமே இருந்தது. அதனை எடுத்தாளும் விழிப்பே காலந்தாழ்த்து வந்தது.

இரண்டாவது, இடத்தின் எச்சரிக்கையைக் கருதாமை. அந்த ஊரில் அவர்கள் தோற்றது அதுவே முதன்முறையன்று. 2000-ஆம் ஆண்டில் 31–21 என்றும், 2006-ஆம் ஆண்டில் 33–31 என்றும் அங்கே தோற்றிருந்தனர். 1967-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் தேதி, தேசத்தின் முதற்கட்சியாகச் சென்று, சேறு நிறைந்த மைதானத்தில் 3–0 என்று தோற்றதும் அங்கேயே. பழைய கணக்கைப் புரட்டிப் பார்ப்போர்க்கு அவ்வூர் எளிய ஊரன்று.

மூன்றாவது, வேற்றூரின் இயல்பு. எண்ணூறு மைலுக்கு மேற்பட்ட வழியைக் கடந்து, நாற்பதினாயிரம் பேர் ஒரே குரலாக எதிர்த்து முழங்கும் இடத்தில் ஆடுவோர், தொடக்கத்திலேயே பின்தங்கினால், இழந்ததை மீட்டல் அரிது. சொந்த ஊரில் ஆரவாரம் துணையாகும். வேற்றூரில் அதுவே பன்னிரண்டாவது எதிரி.

விளைவு

இனி, தோற்றபின் அவர்கள் செய்ததைக் காண்போம். எஞ்சிய பத்து ஆட்டங்களிலும் வென்றனர். அடுத்த ஐந்து ஆட்டங்களிலும் எதிரிகள் அனைவரும் சேர்ந்து பெற்ற புள்ளிகள் இருபதே. அவற்றுள் மூன்றில் எதிரிக்கு ஒரு புள்ளியும் இல்லை. கார்வாலிஸில் ஓர் அரையாட்டத்தில் இழந்ததைக் காட்டிலும், பின் ஐந்து முழு ஆட்டங்களில் இழந்தது குறைவு! அவ்வாண்டு ஆடிய பதின்மூன்று ஆட்டங்களிலும் விட்டுக்கொடுத்தவை மொத்தம் 117; அஃதாவது ஆட்டத்திற்கு ஒன்பது. வேறெந்தக் கட்சியும் அவர்களிடம் 27 புள்ளிகள் பெறவில்லை. 2009-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி 'ரோஸ் பௌல்' பந்தயத்தில் பென் ஸ்டேட்டை 38–24 என்று வென்றனர்.

இத்தனை செய்தும், தேசத்தின் இறுதிப் பந்தயத்தில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அக்காலத்து முறைப்படி, கணிப்பாளர் வாக்கும் கணிப்பொறியின் கணக்கும் சேர்த்து, இரண்டே கட்சிகள் இறுதிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. சதர்ன் காலிபோர்னியர் அவ்வரிசையில் ஐந்தாமவராயினர். இறுதியில் ஆடிய புளோரிடாவும் ஒக்லஹோமாவும் அவர்களைப் போலவே ஒவ்வொரு முறை தோற்றவையே. புளோரிடா தோற்றதும் அதே வாரத்தில், செப்டம்பர் 27-ஆம் தேதி. சொந்த ஊரிலேயே, மிஸிஸிப்பியிடம் 31–30 என்று. ஆயினும் டிசம்பர் 6-ஆம் தேதி, அப்போது முதலிடத்திலிருந்த அலபாமாவை எதிர்த்து 31–20 என்று வெல்லும் வாய்ப்பு புளோரிடாவுக்குக் கிடைத்தது; இறுதியில் ஒக்லஹோமாவையும் 24–14 என்று வென்று பட்டம் பெற்றது. சதர்ன் காலிபோர்னியர் பின்னர் எதிர்த்த கட்சிகளுக்கு அத்தகைய மதிப்பில்லை. தோற்றபின் தன்னை நிரூபிக்கத்தக்க பெரிய எதிரி வாய்ப்பதும் ஒரு பாக்கியமே போலும்.

வென்றவர் கதையும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. ஆரிகன் ஸ்டேட் தொடர்ந்து நன்கு ஆடி, கடைசி ஆட்டத்தில் வென்றால் ரோஸ் பௌலுக்கே செல்லலாம் என்னும் நிலையை அடைந்தது. நவம்பர் 29-ஆம் தேதி, அதே கார்வாலிஸில், அண்டை ஊர்ப் போட்டியாளரான ஆரிகன் சர்வகலாசாலையிடம் 65–38 என்று தோற்றது. முதல்வரை வீழ்த்திய மைதானம் தன் மக்களையும் காக்கவில்லை.

முடிவுரை

இதனால் நாம் அறிவது யாது? தவற்றை உணர்ந்து திருந்தியவன் தன் ஆற்றலைத் திரும்பப் பெறுகிறான். இழந்த இடத்தை எப்போதும் திரும்பப் பெறுவதில்லை. 1967-இல் கார்வாலிஸில் தோற்ற சதர்ன் காலிபோர்னியர் அவ்வாண்டே தேசத்தின் முதற்கட்சியாயினர்; 2008-இல் தோற்றவர், அவரினும் குறைவாக உழைத்தாரல்லர், ஆகவில்லை. ஆண்டின் ஆரம்பத்தில் நேரும் தோல்விக்குப் பரிகாரம் செய்யக் காலம் மிகுதியும் உண்டு. ஆனால் அதன் விலை இன்னதென்று அறிய ஆண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டும்.

இப்போது முறை மாறிவிட்டது. 2014 முதல் நான்கு கட்சிகளும், 2024 முதல் பன்னிரண்டு கட்சிகளும் இறுதிச் சுற்றுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன; ஒரு தோல்வி முன்போல் கதவை அடைப்பதில்லை. அதே 2024-இல் சதர்ன் காலிபோர்னியர் பழைய கூட்டத்தைவிட்டு வேறு கூட்டத்திற் சேர்ந்தமையால், கார்வாலிஸுக்கு முறைப்படி சென்று ஆடும் வழக்கமும் ஒழிந்தது. பழங்கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பும் என்றும் இருப்பதன்று.

ஆடுகளத்திலாயினும் பரீட்சை மண்டபத்திலாயினும், நேற்றைய வெற்றி இன்றைய ஆட்டத்தில் ஒரு புள்ளியும் தருவதில்லை. பெயரறியா எதிரியின் முன் முதல் நிமிஷத்திலேயே விழித்திருப்போம். அங்ஙனம் இருந்தும் தோற்போமாயின், எஞ்சிய பத்து ஆட்டங்களையும் அவர்கள் ஆடியவாறே ஆடுவோம். இடம் கிடைப்பது பிறர் கையிலுள்ளது. ஆடுவது நம் கையிலுள்ளது.