வரியே வராத வருமானத்துக்கு ஐ.டி.ஆர். எதுக்கு? விபத்து இழப்பீட்டுக் கணக்கைப் பாருங்க

"வருஷத்துக்கு மூணு லட்சம்தான் வருது, வரியே கிடையாது, அப்புறம் எதுக்கு சார் ஐ.டி.ஆர்.?" கடை வச்சிருக்கவங்க, டெய்லர், எலக்ட்ரீஷியன்னு நிறைய பேர் கேட்கிற கேள்வி இது. லோனுக்கு, விசாவுக்குன்னு வழக்கமான பதில் இருக்கு. இன்னைக்கு வீட்டில் யாரும் பேச விரும்பாத காரணத்தைப் பார்ப்போம். சாலை விபத்து.

இன்னொரு வண்டியின் தவறால் ஒருவர் இறந்துபோனால், குடும்பம் மோட்டார் விபத்து தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். கோர்ட் வட்டாரத்தில் எம்.சி.ஓ.பி. கேஸ் என்பார்கள். தொகையை நீதிபதி மனசுக்குத் தோன்றியபடி சொல்வதில்லை. உச்ச நீதிமன்றத்தின் சர்லா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) தீர்ப்புகள் தந்த ஃபார்முலா இருக்கு.

ஒரு உதாரணம். வயது 34, சொந்தத் தொழில், மாத வருமானம் ரூ.25,000. மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா அவரை நம்பி இருக்காங்க. ஆண்டு வருமானம் 3,00,000. சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழே என்பதால் எதிர்கால வளர்ச்சிக்காக 40% கூட்டணும்: 4,20,000. நாலு பேர் சார்ந்திருப்பதால் அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழியும்: 3,15,000. வயது 31 முதல் 35 வரை என்றால் பெருக்கும் எண் 16. ஆக ரூ.50,40,000. ஈமச்சடங்கு போன்ற சின்னத் தலைப்புகள் தனி.

இதே மனிதருக்கு வருமான ஆதாரமே இல்லைன்னு வைங்க. தீர்ப்பாயம் தானாக ஒரு தொகையை அனுமானிக்கும். அது மாதம் ரூ.12,000 என்றால், அதே ஃபார்முலாவில் ரூ.24,19,200தான் வரும். வித்தியாசம் 26 லட்சத்துக்கும் மேலே! செலவே இல்லாமல் போடக்கூடிய ஒரு ரிட்டர்ன் இல்லாததால். இறந்தபிறகு அவசரமாகப் போட்ட ரிட்டர்னை காப்பீட்டுக் கம்பெனி வக்கீல் சும்மா விடமாட்டார். அதனால வருஷா வருஷம் போடுங்க. உண்மையான வருமானத்தைப் போடுங்க.

உயிர் பிழைத்து ஊனம் ஏற்பட்டாலும் இந்தப் பெருக்கும் எண் வரும். அங்கே டாக்டர் தரும் சதவீதத்தைவிட, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போச்சு என்பதுதான் முக்கியம். டிரைவருக்குக் கால் போவதும், உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்குக் கால் போவதும் ஒன்றில்லையே.

மனு போட சட்டம் தரும் கெடு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் (2022 ஏப்ரல் முதல்). எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு மருந்து பில்லும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இதைச் செய்து கொடுக்கிற மச்சானோ சித்தப்பாவோ செய்வது பெரிய உதவி. மோதிய வண்டி நிற்காமல் போயிட்டாலும் விட்டுடாதீங்க. இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய்க்கு மத்திய அரசுத் திட்டம் இருக்கு.

சிகிச்சைக்குக் கையில் காசில்லைன்னும் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரம் இலவசம். 2025 மே முதல் நாடு முழுக்க ஏழு நாளுக்கு ரூ.1.5 லட்சம் வரை பணமில்லாச் சிகிச்சை உண்டு. இரண்டும் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில்.

இன்னொரு பக்கமும் இருக்கு. ஹெல்மெட் போடலை, பைக்கில் மூணு பேர் போனாங்கன்னு சொல்லி, உங்க பங்குத் தவறுன்னு ஒரு சதவீதத்தைக் கழிக்க எதிர்த்தரப்பு வாதாடும். 50 லட்சத்தில் 10% என்றாலே 5 லட்சம்.

தப்பு உங்க மேலேயே என்றால்? தேர்டு பார்ட்டி பாலிசி உங்களுக்கு ஒரு பைசா தராது. அதுக்குத்தான் உரிமையாளர்-ஓட்டுநருக்கான ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு. பைக் பாலிசியைப் புதுப்பிக்கும்போது பிரீமியம் குறையட்டும்னு பலர் முதலில் நீக்குவது இதைத்தான். ஏற்கனவே வேறு பாலிசியில் அந்தக் கவர் இருந்தால் மட்டும் நீக்குங்க. லைசென்ஸ் காலாவதி ஆயிடுச்சான்னும் பாருங்க, அது செல்லுபடியாக இல்லைன்னா இந்த 15 லட்சமும் கிடைக்காது.