டிராக்டர் லைசென்ஸ் தொலைந்து விட்டால்...

நவரைப் பட்டத்துக்குச் சேறு அடிக்கும் நாட்களில் காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரங்களில் டிராக்டர் விடியற்காலையில் புறப்பட்டால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறது. ஓட்டுபவரின் சட்டைப் பையில் டீசல் ரசீது, கைபேசி, சில்லறை, லைசென்ஸ் எல்லாம் ஒன்றாகவே கிடக்கும். கேஜ் வீல் மாட்டக் குனியும்போது அட்டை நழுவிச் சேற்றில் விழுந்தால் அப்போது தெரியாது. வைகாசி கருடசேவைக் கூட்டத்தில் பர்ஸோடு போய்விடுவதும் உண்டு.

உழவும் உரமும் எழுதும் இந்தப் பக்கத்தில் லைசென்ஸ் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஒரு டிராக்டரை நம்பி இருக்கும் சிறு விவசாயிக்கு, விபத்து நேர்ந்த நாளில் அந்த அட்டையின் விவரம் சரியாக இல்லாவிட்டால் நிலமே கைமாறும் நிலை வரக்கூடும். ஆகவே இதையும் ஒரு சாகுபடிக் குறிப்பைப் போலவே படிக்க வேண்டுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். அட்டை தொலைந்தால் ஓட்டும் உரிமை தொலைவதில்லை. உரிமம் என்பது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பதிவில் இருப்பது. அட்டை அதற்குச் சாட்சி. லைசென்ஸ் இருந்தும் கையில் காட்ட முடியாதவருக்கு முதல் தடவை 500 ரூபாய் அபராதம். லைசென்ஸே இல்லாமல் ஓட்டுபவருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. அப்படிப்பட்டவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் தனியாக 5,000 ரூபாய். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் இந்த அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து வசூலிக்கப்படுகின்றன.

"என் கழனியில் ஓட்ட லைசென்ஸ் எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சட்டம் பேசுவது பொது இடத்தைப் பற்றி என்பது உண்மையே. ஆனால் கொட்டகையிலிருந்து கழனிக்குப் போகும் ஊர்ச் சாலையும் பொது இடம்தான். நெல் மூட்டைகளோடு கொள்முதல் நிலையத்துக்குப் போகும் தார்ச்சாலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

விபத்து நடந்தால் என்ன ஆகும்? ஓட்டியவருக்கு உரிய லைசென்ஸ் இல்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி நிரூபித்து, அதில் உரிமையாளரின் கவனக்குறைவையும் காட்டிவிட்டால், அடிபட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டை உரிமையாளரிடமிருந்து கம்பெனி திரும்ப வசூலிக்கலாம். சுவரண் சிங் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இது. லட்சக்கணக்கில் வரக்கூடிய தொகை. இருந்த லைசென்ஸ் தொலைந்து, எண்ணும் தெரியாமல், காலாவதி ஆனதும் தெரியாமல் வண்டி ஓட்டியவர் இந்த இக்கட்டில் எளிதில் மாட்டிக்கொள்வார்.

தொலைந்தது தெரிந்தவுடன்

காவல் துறையில் பதிவு செய்வதே முதல் வேலை. தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கென்று தனிப் பகுதி உள்ளது. அல்லது உள்ளூர்க் காவல் நிலையத்தில் மனு எழுதிக் கொடுத்து ரசீது பெறலாம். எந்த நாளில், எந்த இடத்தில் காணாமல் போனது என்பதை எழுத வேண்டும். இதைச் சிலர் வீண் அலைச்சல் என்று விட்டுவிடுகிறார்கள். உங்கள் அட்டை வேறொருவர் கையில் கிடைத்து அவர் ஏதாவது வில்லங்கம் செய்தால், அந்த நாளுக்கு முன்பே தொலைந்தது என்று காட்ட இந்தத் தாள் ஒன்றுதான் துணை.

அடுத்து, லைசென்ஸ் எண். காஞ்சிபுரம் அலுவலகத்தின் எண்கள் டி.என். 21 என்று தொடங்கும். பிறகு வழங்கிய ஆண்டு, அதன் பின் ஏழு இலக்கங்கள். எண் நினைவில்லாவிட்டால் டிராக்டர் கடனுக்காக வங்கியில் கொடுத்த நகல், இன்சூரன்ஸ் காகிதங்கள், பழைய அபராத ரசீது ஆகியவற்றில் தேடினால் பெரும்பாலும் அகப்படும்.

போலீசார் உங்கள் லைசென்ஸைப் பறிமுதல் செய்திருந்தால் அது தொலைந்த கணக்கில் வராது. பறிமுதல் செய்யும்போது அவர்கள் தரும் ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதை மறைத்துத் தொலைந்து விட்டதாக எழுதி நகல் வாங்குவது பொய் வாக்குமூலம்.

நகல் கேட்கும் முன் தேதியைப் பாருங்கள்

இதில்தான் வயதான விவசாயிகள் ஏமாறுகிறார்கள். நகல் உரிமத்துக்குப் புதிய ஆயுள் கிடையாது. பழைய அட்டையில் இருந்த முடிவுத் தேதியே அதிலும் இருக்கும். 2019 திருத்தத்தின்படி, 30 வயதுக்குள் எடுத்த லைசென்ஸ் 40 வயது வரை செல்லும். 30 முதல் 50 வயதுக்குள் எடுத்தால் அல்லது புதுப்பித்தால் பத்து ஆண்டு. 50 முதல் 55 வயதுக்குள் என்றால் 60 வயது வரை. 55-க்கு மேல் ஐந்தைந்து ஆண்டுதான். காலாவதி ஆகியிருந்தால் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். 40 வயது கடந்தவர் அதற்கு மருத்துவச் சான்றும் வைக்க வேண்டும். முடிவுத் தேதிக்கு ஓராண்டு முன்பும், பின்பு ஓராண்டு வரையும் புதுப்பிக்கலாம். அந்த ஓராண்டும் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்டித் தேர்வு பெற வேண்டியதுதான். முடிந்த தேதிக்கும் புதுப்பித்த தேதிக்கும் இடையே விபத்து நேர்ந்தால் மேலே சொன்ன இன்சூரன்ஸ் தொல்லை தலைதூக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

விண்ணப்பம் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில், சாரதி என்ற பகுதியில். லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் விவரம் வரும். காவல் துறை அறிக்கையை இணைத்து, திரையில் காட்டும் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் அவர்களே செய்துவிடலாம். கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணை இடைத்தரகரிடம் சொல்லாதீர்கள். கையால் எழுதிய பழைய புத்தக லைசென்ஸ் வைத்திருந்தவர்களின் விவரம் கணினியில் ஏறாமல் இருக்கக்கூடும். அவர்கள் அதை வழங்கிய அலுவலகத்துக்கே நேரில் போக வேண்டும். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபின் எந்த அலுவலகம் என்று குழம்புபவர்கள், எண்ணின் தொடக்க எழுத்துகளைப் பார்த்தால் போதும்.

2024 பிப்ரவரி இறுதியிலிருந்து தமிழ்நாட்டில் லைசென்ஸ் அட்டை விரைவுத் தபாலில்தான் வருகிறது. அலுவலகத்தில் கையில் கொடுப்பதில்லை. ஆகவே கதவு எண், தெரு, குக்கிராமத்தின் பெயர், பின்கோடு, கைபேசி எண் ஆகியவை சரியாக இருக்கட்டும். ஆள் இல்லையென்று திரும்பிப் போன தபாலைத் தேடி அலைவதைவிட, தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது சுலபம்.

வந்த அட்டையில் பெயர், பிறந்த தேதி, முடிவுத் தேதி ஆகியவற்றோடு வாகன வகையையும் பாருங்கள். பழையதில் இருந்த டிராக்டர் வகை புதியதில் விட்டுப்போயிருந்தால் உடனே திருத்தம் கேட்க வேண்டும். டிராக்டர் லைசென்ஸ் உள்ளவர் டிரெய்லர் இணைத்து ஓட்டியதால் மட்டும் அந்த லைசென்ஸ் செல்லாததாகி விடாது என்று 2001-இல் நாகஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தப் பாதுகாப்பு கிடைக்க அட்டையில் அந்த வகை இருக்க வேண்டுமே!

நகல் வரும்வரை கைபேசியில் டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் செயலியில் லைசென்ஸை வைத்திருக்கலாம். 2018 நவம்பரில் திருத்தப்பட்ட மத்திய விதி, மின்னணு வடிவில் காட்டுவதையும் ஏற்கிறது. என்னைக் கேட்டால், சேற்று உழவுக்குப் போகும் நாளில் அட்டையை வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு இதையே பயன்படுத்தலாம்.

பழைய அட்டை கிடைத்து விட்டால்

நகல் வந்த இரண்டு மாதம் கழித்து வைக்கோல் போரிலோ டிராக்டர் சீட்டுக்கு அடியிலோ பழைய அட்டை கிடைக்கும். "இருக்கட்டும், தம்பி மகன் வைத்துக்கொள்ளட்டும்" என்று அதைக் கொடுப்பதுதான் பெரிய ஆபத்து. ஒருவர் தம் லைசென்ஸைப் பிறர் பயன்படுத்த விடக்கூடாது என்று சட்டத்தின் ஆறாவது பிரிவு சொல்கிறது. அந்தப் பையனுக்குப் பதினெட்டு வயது நிரம்பாமல் இருந்து ஒரு குற்றமும் நடந்துவிட்டால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்க 2019 திருத்தம் இடம் தருகிறது.

கிடைத்த பழைய அட்டையை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒப்படைப்பதே முறை. "தொலைந்ததாகத் தெரிவித்து நகல் பெற்றேன், மூல உரிமம் இன்ன தேதியில் கிடைத்தது" என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, அட்டையை இணைத்துக் கொடுத்து, இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். காவல் நிலையத்துக்கும் தகவல் தெரிவிக்க வேண்டும். நகல் வாங்குவதற்கு முன்பே அட்டை கிடைத்துவிட்டால் விண்ணப்பத்தைத் தொடராமல் நிறுத்திவிடலாம். ஒடிந்த அட்டை, எழுத்து அழிந்த அட்டை ஆகியவற்றையும் குப்பையில் எறியாமல், மாற்று அட்டை கேட்கும்போது அலுவலகத்திலேயே சேர்த்துவிடுங்கள். முத்திரையிட்ட அந்தப் பிரதியை டிராக்டரின் பதிவுப் புத்தகம், இன்சூரன்ஸ் ஆகியவற்றோடு ஒரே உறையில் வைக்கலாம்.